இருநூறு அடியில் நின்ற விமானம்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் ஒரு அறிவிப்பு. மதர்போர்டுக்குப் புது ஃபர்ம்வேர் வந்திருக்கிறதாம். ஏற்றிவிடவா என்று கேட்டது. ஃபர்ம்வேர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் பாபநாசம் மலைப்பாதையில் வருடக்கணக்காகப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன், ஒரு பொத்தானை அமுக்கவா பயப்படுவான்? அமுக்கினேன். திரை கறுப்பாகி வெகுநேரம் அப்படியே இருந்தது.

அடுப்படியிலிருந்து ஆவுடை எட்டிப் பார்த்தாள். "என்னங்க, கரண்டு போயிட்டா?"

"போகல. வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கு. இப்ப வந்துரும்."

வந்துவிட்டது. என் மனைவிக்கு எதிலும் அவசரம்.

வருகிற பதினைந்தாம் தேதி எனக்குப் பரீட்சை. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகுகிறவர்களுக்கென்று நெட்டில் ஒரு சங்கம் இருக்கிறது. நானும் அதில் உறுப்பினன். சென்னையில் கிளப்பி, தூத்துக்குடியில் குலுங்காமல் இறக்கிக் காட்ட வேண்டும். தேர்வாளர் எங்கோ உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். தேறினால் குற்றாலிங்கம் என்ற என் பெயருக்கு முன்னால் 'கேப்டன்' என்று போட்டுக்கொள்ளலாம். நிஜ விமானத்தில் நான் இதுவரை ஏறியதில்லை. அது சங்கத்துக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

சாயங்காலம் மைதீன் வந்தார். என் வண்டியில் கண்டக்டராக இருந்தவர். இப்போதும் எனக்கு இடப்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். விமானம் ஓடுபாதையில் ஏறி நின்றதும் விசில் கொடுப்பார். அந்தச் சத்தம் கேட்காமல் எனக்கு வண்டியை எடுக்க வராது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. "தூத்துக்குடி இறங்குறவங்கள்லாம் முன்னால வாங்க" என்று மைதீன் குரல் கொடுத்த நேரம், தரைக்கு இருநூறு அடி உயரத்தில் படம் அப்படியே உறைந்துவிட்டது. சக்கரம் இறங்கியிருந்தது. ஓடுபாதை கண்ணுக்கு நேரே தெரிந்தது. எதை அமுக்கியும் அசையவில்லை.

"என்னவே, பிரேக் டவுனா?"

"அந்தரத்துல நிக்கோம்" என்றேன்.

மைதீன் தாடையைத் தடவியபடி யோசித்தார். "பஸ்ஸுன்னா எல்லாரையும் இறக்கி, பின்னால வார வண்டியில ஏத்தி விட்டுரலாம்."

ஜூன் 4, புதன்

மூன்று தடவை கிளப்பினேன். மூன்று தடவையும் இறங்கும் நேரத்தில் நின்றது. கடைசித் தடவை திரை முழுக்க நீலமாகி ஒரு சோக முகத்தைப் போட்டுக் காட்டியது. பயணிகளை நான் பரிதவிக்க விட்டதற்கு அது வருத்தப்படுகிறதாம்.

ஃபர்ம்வேர் ஏற்றியதால் இருக்காது. ஏற்றியது நான்தானே.

ஆவுடையிடம் சொல்லவில்லை.

ஜூன் 5, வியாழன்

ஆவுடைக்குத் தெரிந்துவிட்டது. மைதீன் வாயில் எதுவும் நிற்காது.

ஜூன் 6, வெள்ளி

எங்கள் மகள் வடிவு ஓசூரிலிருந்து போன் செய்தாள்.

"யப்பா, கம்ப்யூட்டர் கோளாறாமே? நீங்களே அவர்ட்ட கேளுங்கப்பா. அவர் வச்சிருந்த மெஷின்தான அது."

அவர் என்றால் என் மாப்பிள்ளை தீர்த்தகிரி. தருமபுரிக்காரர். அவர் புதிது வாங்கியதும் இந்தப் பழைய கம்ப்யூட்டரை எனக்கு லாரி பார்சலில் அனுப்பினார். அனுப்பியது வடிவு என்றுதான் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஓடும்படி இதை அவர் முறுக்கி வைத்திருக்கிறார். அதற்கு ஓவர்க்ளாக் என்று பெயராம். ஸ்பீடு கவர்னரைக் கழற்றிய வண்டி என்று எனக்குப் புரிந்தது. ஒரு காலத்தில் எங்கள் பேருந்துகளுக்கு அந்தக் கருவியைப் பூட்டி வைத்தார்கள். என்ன மிதித்தாலும் வண்டி ஒரு அளவுக்கு மேலே போகாது. தேங்காய் ஏற்றிய டெம்போ என்னை முந்திக்கொண்டு போகும். போகிறவன் கையை வேறு ஆட்டுவான். ஆகவே இந்த ஒரு காரியத்தில் மட்டும் மாப்பிள்ளை மேல் எனக்கு மரியாதை உண்டு.

மற்றபடி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றுமில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் எங்கள் வழக்கப்படி சொதிச் சாப்பாடு போட்டோம். தேங்காயை மூன்று பால் எடுத்து, பயத்தம்பருப்பும் காய்களும் போட்டு, இஞ்சிப் பச்சடி தொட்டுக்கொள்ள வைத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு நானே பரிமாறினேன். மாப்பிள்ளை இலையில் விழுந்ததை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அங்கிள், இது ரசமா? வெள்ளையா இருக்குது" என்று கேட்டார். பந்தியே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து அவரோடு பேச வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே வடிவு இரண்டு பெட்டிகளோடு ஓசூருக்குக் கிளம்பிப் போனாள். அது வேறு விஷயம்.

ஜூன் 7, சனி

ஆவுடை என்னைக் கேட்காமலே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, கம்ப்யூட்டர் பக்கத்தில் சாய்த்து நிறுத்தினாள். நான் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் வீடு, என் நாற்காலி. எழுந்து போக வேண்டியதில்லை.

"அத்தை, அப்டேட் எதாவது போட்டாருங்களான்னு மாமாவைக் கேளுங்க."

"அப்டேட்டு போட்டியளான்னு கேக்காவ" என்றாள் ஆவுடை. எனக்கும் காது இருக்கிறது.

"அதுவா வந்துச்சு, அதுவா ஏறிக்கிடுச்சுன்னு சொல்லு."

"அதுவா ஏறிக்கிடுச்சாம் மாப்ளே."

மாப்பிள்ளை பொறுமையாக விளக்கினார். வேகத்தைக் கூட்டியபோது அதற்கு ஏற்றபடி எவ்வளவு மின்சாரம் போக வேண்டும், எந்தச் சூட்டில் ஃபேன் எவ்வளவு சுற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாக அமைத்து வைத்திருந்தாராம். புது ஃபர்ம்வேர் ஏறியதில் அந்த அமைப்பெல்லாம் அழிந்திருக்கும். வேகம் மட்டும் பழைய கணக்கில் ஓடுகிறது. ஏர்போர்ட் பக்கத்தில் வரும்போதுதான் கட்டடம், மரம், விளக்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வரைய வேண்டியிருப்பதால் அங்கே மூச்சு முட்டி நின்றுவிடுகிறது.

டீசல் குழாயைப் பாதி அடைத்துவிட்டு ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிப்பது மாதிரி. அழகாகப் புரிந்தது. தலையாட்டத் தோன்றியது. ஆட்டவில்லை.

"அதனால இப்போதைக்குக் கம்பெனி வேகத்துக்கே இறக்கிட்டு ஓட்டச் சொல்லுங்க அத்தை. அதுல நிக்காம ஓடுச்சுன்னா, மெதுவா ஒவ்வொரு படியா ஏத்திக்கலாம்."

மறுபடியும் ஸ்பீடு கவர்னர்! "முடியாதுன்னு சொல்லு" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுதேன்னு சொல்லுதாவ மாப்ளே."

இவள் மொழிபெயர்ப்பு சரியில்லை.

ஜூன் 8, ஞாயிறு

வேகத்தைக் குறைக்காமலே சரிசெய்வது என்று முடிவு. மெமரிக் குச்சிகளைப் பிடுங்கி, அதன் பித்தளைப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டினால் பாதிக் கோளாறு ஓடிவிடும் என்று மைதீன் எங்கோ கேட்டிருக்கிறார். நான் பிடுங்கினேன், அவர் தேய்த்தார். டிக்கெட் கிழித்த விரல் என்பதால் வேலை சுத்தம்.

மாட்டி, சுவிட்சைப் போட்டால் கம்ப்யூட்டர் நீளமாக ஒரு கூவல் கூவியது. பழக்கதோஷத்தில் மைதீன் பதில் விசில் கொடுத்தார். அது மறுபடியும் கூவியது. இவர் மறுபடியும் கொடுத்தார். ஆவுடை வந்து இரண்டு பேரையும் நிறுத்தினாள்.

ஒரு குச்சி சரியாக உட்காரவில்லை. அழுத்தி உட்கார வைத்ததும் கூவல் நின்றது. விமானமும் வழக்கம் போல இருநூறு அடியில் நின்றது.

ஜூன் 9, திங்கள்

மேஜை ஃபேனைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரின் பின்பக்கம் வைக்கப் போனேன். அங்கே குறுக்கே ஒரு கொடி கட்டியிருக்கிறது. கொடியில் என் பனியன்கள். ஒரு பனியன் நழுவி, சூடான காற்று வெளியே வரும் சல்லடையில் அப்பிக்கொண்டிருக்கிறது.

"ஏளா ஆவுடை! இது என்னது?"

"சாரல்ல ஒரு துணியும் காயமாட்டேங்கு. அதுக்குப் பின்னால நல்லா சுடச்சுடக் காத்து வந்துச்சு. உங்களுக்கு மடிச்ச பனியன் எங்கேர்ந்து வருதுன்னு நெனச்சிய?"

நான் அதை யோசித்ததே இல்லை.

"ஆனா இப்ப ஒரு வாரமா அதுவும் காயல. காத்து முன்ன மாதிரி இல்ல. உள்ள ஃபேன் சும்மா பேருக்குச் சுத்துது."

பனியன்களைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னேன். போகிற வழியில் போனில் மாப்பிள்ளையிடமும் சொல்லிவிட்டாள். அவர் சிரித்த சிரிப்பு முன்னறை வரை கேட்டது. "அத்தை, ஃபேன் அமைப்பும் அழிஞ்சிருக்கும்னு நான் சொன்னது கரெக்டுதான் போல. மாமாகிட்ட சொல்லிடுங்க!"

என் பனியனை வைத்து ஓசூரில் ஆராய்ச்சி நடக்கிறது.

பனியன் இல்லாமலும் விமானம் இறங்கவில்லை. பரீட்சை வருகிற ஞாயிறு. தேர்வாளருக்கு எழுதி, வேறு தேதி கேட்கலாமா என்று பார்த்தேன். இந்த வாய்ப்பை விட்டால் அடுத்த வருடம்தானாம். அறுபத்து இரண்டு வயதில் அடுத்த வருடம் என்பது எனக்குப் பிடித்த வார்த்தை இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

வேகத்தைக் குறைக்கச் சம்மதித்தேன். தற்காலிகமாக.

ஆவுடை போனை ஸ்பீக்கரில் போட்டாள். கம்ப்யூட்டர் கிளம்பும்போதே டெலிட் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் மாப்பிள்ளை. தட்டினேன். ஏரோபிளேன் டாஷ்போர்டு மாதிரி ஒரு பக்கம் திறந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் கேஸ் சிலிண்டர்காரர் மணியடிக்க, ஆவுடை எழுந்து போய்விட்டாள். போனும் நானும்தான் மிச்சம்.

"அத்தை, திரையில என்ன தெரியுதுன்னு மாமாவைச் சொல்லச் சொல்லுங்க... அத்தை? லைன்ல இருக்கீங்களா?"

வாசலில் அவள் சிலிண்டர்காரரிடம் ரெகுலேட்டர் கசிவதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருந்தாள். அது சீக்கிரம் முடியாது.

"சிவப்புல ஒரு எண்ணு இருக்கு" என்றேன்.

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்த சத்தம். "மா... மாமாங்களா?"

"பக்கத்துல 'மேனுவல்'னு போட்டிருக்கு. கீழ எஃப் ஃபைவ், எஃப் டென்."

"எஃப் ஃபைவ் அமுக்குங்க மாமா. எல்லாத்தையும் கம்பெனி அமைப்புக்கு மாத்தவான்னு கேக்கும். எஸ் குடுங்க. அப்புறம் எஃப் டென்."

கொடுத்தேன். நான் அவரோடு பேசவில்லை என்பதை இங்கே குறித்து வைக்கிறேன். திரையில் இருந்ததை வாசித்தேன். வாசிப்பது பேச்சாகாது.

ஆவுடை திரும்பி வந்தபோது, "முடிஞ்சுதா?" என்று கேட்டாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்புக்கும் கேஸ் சிலிண்டருக்கும் சம்பந்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

இறங்கியது. ஒரு தடவை இல்லை, நாள் முழுக்க. காலையில் மதுரை, மத்தியானம் திருச்சி, சாயங்காலம் தூத்துக்குடி.

"ஆனா வேகம் பத்தல. பாத்தியளா, மேகமெல்லாம் எவ்வளவு மெதுவாப் போகுது" என்றேன் மைதீனிடம்.

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலவே. முன்னயும் இப்படித்தான் போச்சு."

கண்டக்டருக்கு எப்போதும் பின்பக்கம்தான் கண்.

ஜூன் 12, வியாழன்

பரீட்சை முடியும்வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம், ஆனால் தினமும் ஓட்டிப் பார்த்து உள்ளே எத்தனை டிகிரி சூடு ஏறுகிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்றார் மாப்பிள்ளை. ஆவுடைக்கு டிகிரி எல்லாம் சரியாகச் சொல்ல வராது. ஆகவே நானே போன் செய்து சொல்லிவிட்டேன்.

சூட்டைச் சொன்ன பிறகு உடனே வைத்துவிடுவது மரியாதையில்லை என்று, ஓசூரில் மழையா என்று கேட்டேன். இல்லையாம். வடிவு வேலை மாறிவிட்டாளாம். எனக்குத் தெரியாது. புது இடத்தில் நாலு பேருக்கு மேலே அதிகாரியாம். பேருந்தில் சில்லறைக்குச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தே அழுகிற பிள்ளை அது.

"உங்ககிட்ட சொல்லணும்னுதாங்க மாமா நினைச்சா. நீங்க போனை அத்தைகிட்ட குடுத்துடறீங்களாம்."

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

ஐம்பத்தெட்டு டிகிரி. சொன்னேன்.

மாப்பிள்ளையின் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டேன். சம்பந்தம் பேசும்போதே சொல்லியிருப்பார்கள். அன்று நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"லாரி டிரைவருங்க மாமா. பாதி வாழ்க்கை தொப்பூர் கணவாய்லதான் போச்சு."

தொப்பூர்! ஒரு கல்யாண ஸ்பெஷல் ஓட்டிக்கொண்டு அந்த இறக்கத்தில் நான் போயிருக்கிறேன். மலைப்பாதையே பழக்கமான நானே, கீழே வந்து சேர்ந்ததும் வண்டியை ஓரங்கட்டி இரண்டு டீ குடித்த பிறகுதான் மறுபடி எடுத்தேன். முன்னால் போன லாரிகளின் பிரேக் கருகிய வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

"அங்ஙனயா? லோடு வண்டியா?"

"பதினாறு டன்னுங்க. கடைசி வரைக்கும் ஒரு வண்டியைக்கூட உரசினதில்ல. வேகமா மட்டும் போகாதடா, வேகமா மட்டும் போகாதடான்னு என்கிட்ட சொல்லிட்டே இருப்பாரு. அதனால பைக்கு ஓட்ட எனக்குப் பயம். கம்ப்யூட்டரைத்தான் வேகமா ஓட்டுனேன்."

"இப்ப...?"

"இப்ப இல்லீங்க மாமா. கல்யாணத்துக்கு முன்னாடியே போயிட்டாரு."

நான் எழுந்து நின்றுகொண்டேன். உட்கார்ந்தே இருந்ததில் கால் மரத்துப் போயிருந்தது.

ஜூன் 14, சனி

ஐம்பத்தேழு. சூடு குறைந்திருக்கிறது என்று இரண்டு பேரும் மகிழ்ந்தோம்.

பேச்சுவாக்கில் அவரே அந்தப் பழைய விஷயத்தை எடுத்தார். "மாமா, அன்னைக்கு நான் ரசமான்னு கேட்டனே. எங்க வீட்டுல கடைசியா வர்றது ரசம். அது ரசம்னா சாப்பாடு முடிஞ்சுது, இல்லன்னா இன்னொரு கரண்டி வாங்கலாம்னு நினைச்சேன். அவ்வளவு நல்லா இருந்துச்சு. நீங்க வாளியைத் தூக்கிட்டுப் போயிட்டீங்க."

"வாளி காலியாயிட்டு" என்றேன்.

ஆவுடை அடுப்படியிலிருந்து பலமாக இருமினாள். சாரல் காலத்தில் அவளுக்கு நெஞ்சுச் சளி.

ஜூன் 15, ஞாயிறு

பரீட்சை.

யூனிஃபார்ம் சட்டையைப் போட்டுக்கொண்டேன். பொத்தான் வயிற்றில் எட்டவில்லை, தேர்வாளருக்குத் தெரியப்போவதில்லை. மைதீனும் காக்கியில் வந்திருந்தார், தோளில் தோல்பையோடு. ஹெட்செட்டைக் காதில் மாட்டியதும் தேர்வாளர் ஆங்கிலத்தில் ஏதேதோ சொன்னார். எல்லாவற்றுக்கும் "யெஸ் சார்" என்றேன். டெப்போவில் அதுதான் செல்லுபடியாகும்.

ஓடுபாதையில் நின்றோம். மைதீன் நெஞ்சு நிறைய மூச்சிழுத்து விசில் கொடுத்தார்.

தேர்வாளர் பதறிவிட்டார். "வாட் வாஸ் தட்?"

"சேஃப்டி சிஸ்டம் சார்."

சென்னையை விட்டு ஏறி, கடலோரமாகவே வந்தேன். தூத்துக்குடி தெரிந்ததும் வேகத்தைக் குறைத்தேன், சக்கரத்தை இறக்கினேன். ஐந்நூறு அடி. முந்நூறு. இருநூறு. மைதீன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஆவுடை கதவோரமாக நின்று கையைக் கூப்பியிருந்தாள். இத்தனை நாளும் இதை விளையாட்டு என்று சொன்னவள்தான். உப்பளங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. நூற்றைம்பது. நிற்கவில்லை. ஐம்பது. நிற்கவில்லை. சக்கரம் தரையைத் தொட்டது. ஒரு துள்ளல் துள்ளி, மறுபடியும் தொட்டு, ஒழுங்காக ஓடியது.

"வெல்கம், கேப்டன்" என்றார் தேர்வாளர்.

"தூத்துக்குடி எல்லாம் இறங்குங்க! லக்கேஜைப் பாத்து எடுத்துக்கிடுங்க!" என்று மைதீன் கத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கண்ணில் தூசி.

முதல் போன் மாப்பிள்ளைக்கு. உள்ளே அறுபது டிகிரி ஏறியது என்று தகவல் சொல்வதற்காகத்தான் போட்டேன். அவர் "பாஸா? பாஸா?" என்று கத்தி, வடிவைக் கூப்பிட்டு, அவள் "கேப்டன் யப்பா!" என்று கத்தி, டிகிரியை யாருமே குறித்துக்கொள்ளவில்லை.

ஜூன் 16, திங்கள்

கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது. கோளாறு எதுவும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

நன்றாக ஓடுகிறது. மழை.

ஜூன் 18, புதன்

சூடு சொல்லலாம் என்று போன் செய்தேன். "இனி சூடு பாக்கத் தேவையில்லீங்க மாமா, எல்லாம் நார்மல். நீங்க எதுக்கு சிரமப்படறீங்க" என்றார். நல்ல பிள்ளைதான். புத்திதான் கொஞ்சம் மட்டு.

ஜூன் 19, வியாழன்

நன்றாகத்தான் ஓடுகிறது. என்ன செய்ய.

ஜூன் 20, வெள்ளி

கேப்டன் ஆனவன் கம்பெனி வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தால் சங்கத்தில் என்ன நினைப்பார்கள்? டெலிட் தட்டி உள்ளே போய் வேகத்தை ஒரு படி கூட்டினேன். ஏதாவது நேரலாம் என்று எதிர்பார்த்து போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

ஒன்றும் நேரவில்லை.

ஜூன் 21, சனி

இன்னும் இரண்டு படி. சென்னை, தூத்துக்குடி, மறுபடி சென்னை. நின்று தொலைக்கவில்லை. தரமான மெஷின். இவ்வளவு தரம் தேவையில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மேலும் ஒரு படி. மைதீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னவே குத்தாலம், நல்லா ஓடுத வண்டியப் போட்டு எதுக்கு இந்த மிதி மிதிக்கிய?"

"டெஸ்ட்டிங்" என்றேன்.

"போன் போட்டு, வந்துட்டுப் போங்கன்னு சொன்னா வாய் வலிக்குமோ?"

இவருக்கு இதெல்லாம் புரியாது. காரணமில்லாமல் எப்படிக் கூப்பிடுவது?

ஜூன் 23, திங்கள்

பொறுமை போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு பெரிய எண்ணாக ஒன்றைப் போட்டேன்.

நின்றது! விமானம் வரைக்கும் போகவே இல்லை. கிளம்பும்போதே திணறி, அணைந்து, தானாக மறுபடி கிளம்பி, மறுபடி அணைந்தது.

"ஏளா ஆவுடை! கம்ப்யூட்டரு மறுபடியும் கெட்டுப்போச்சு!"

"அதுக்கு எதுக்கு இப்படிச் சிரிக்கிய?" என்றாள்.

உடனே போன் போட்டேன். வேறு வழி?

"மறுபடியுமா? என்ன மாத்துனீங்க மாமா?"

"நான் ஒண்ணையும் தொடல. சாரல் ஈரமா இருக்கும்."

"அப்படீங்களா... நான் சொல்ற மாதிரி ஒரு தடவை எஃப் ஃபைவ் அமுக்கிப்..."

"எஃப் ஃபைவ்வும் கேக்க மாட்டேங்கு."

"அமுக்கிட்டீங்களா?"

"அமுக்காமயே தெரியுது."

அவர் குரல் மாறிவிட்டது. "அப்ப போன்ல முடியாது போலீங்களே மாமா. நேர்ல வந்து..."

"போன்ல முடியவே முடியாது" என்றேன், அவர் சொல்லி முடிப்பதற்கு முன்னால்.

சனிக்கிழமை வருகிறார்கள். கம்ப்யூட்டருக்காகத்தான். வடிவும் கூட வருவாளாம். அது அவள் இஷ்டம்.

ஜூன் 25, புதன்

ஆவுடை வீடு முழுக்கக் கழுவிவிட்டாள். இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு என்று கேட்டேன். நான் சும்மாதான் இருந்தேன். மாடி அறைக்கு வெள்ளை அடித்தேன், கட்டில் கால்களைச் சரிபண்ணினேன், பாத்ரூம் குழாயை மாற்றினேன்.

ஜூன் 28, சனி

காலையில் தற்செயலாக ரயில் நிலையம் பக்கம் போயிருந்தேன். ரயில் வந்தது. அவர்களும் இறங்கினார்கள்.

வடிவு இளைத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். "யப்பா, யூனிஃபார்ம் எங்க?" என்று கேட்டாள். நான் மாப்பிள்ளையைப் பார்த்து, "ரயில் நேரத்துக்கு வந்துட்டே" என்றேன். நேரில் இதுதான் முதல் பேச்சு. வேறு மாதிரி யோசித்து வைத்திருந்தேன், அந்த நேரத்தில் வரவில்லை. கீழே கிடந்த பெட்டியை எடுத்தேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கப் பார்த்தார். நான் விடவில்லை. அவரும் விடவில்லை. இரண்டு பேருமாக ஆட்டோ வரை தூக்கிக்கொண்டு போனோம்.

சாப்பாடு முடிந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். சுவிட்சைப் போட்டதும் திரையில் கொட்டை எழுத்தில், ஓவர்க்ளாக் தோற்றுவிட்டது, அமைப்பைச் சரிபார்க்கவும் என்று ஆங்கிலத்தில் வந்தது. இத்தனை நாள் துடைத்துப் பராமரித்த மெஷின், என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

மாப்பிள்ளை உள்ளே போய் நான் போட்டிருந்த எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"மாமா, இந்த எண்ணு... தானா ஏறிடுச்சுங்களா?"

"ஈரம்" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கீழ்உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"ஆமாங்க மாமா. ஈரம்தான். பெரிய கோளாறு. ரெண்டு நாளாவது ஆகும்."

அடுப்படியில் அம்மாவும் மகளும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் மாப்பிள்ளைக்குக் காபி எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன். கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே கம்ப்யூட்டர் கம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை விமானத்தை மதுரைக்கு மேலே பறக்கவிட்டு மீனாட்சி கோயில் கோபுரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வடிவு, "இன்னும் கொஞ்சம் வலது பக்கம், வலது பக்கம்" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் கதவுக்கு வெளியே நின்று ஒரு தடவை செருமினேன். உள்ளே படபடவென்று சத்தம். திரை கறுத்தது. நான் உள்ளே போகும்போது, கம்ப்யூட்டர் பெட்டியின் மூடி கழன்று தரையில் கிடந்தது. மாப்பிள்ளை ஸ்க்ரூடிரைவரும் கையுமாகக் குனிந்து உட்கார்ந்திருந்தார். வடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

"இன்னும் பிடிபடல மாமா" என்றார், நிமிராமலே. "கஷ்டமான கேஸு. நாளைக்கும் இருந்துதான் பாக்கணும் போலருக்கு."

என் கண்ணாடி அப்போது சட்டைப் பையில் இருந்தது. அதனால் நான் எதையும் பார்க்கவில்லை.

"நாளைக்குள்ள எல்லாம் முடியாது மாப்ளே" என்றேன், காபியை அவர் கையில் கொடுத்து. "புதன்கிழமை வரைக்கும் லீவு சொல்லிருங்க. நுணுக்கமான வேலை. வேகமாப் பாத்தா கெட்டுப்போயிரும்."